கெவின் எலிசன்: கீழ் லீகில் ஒரு விங்கரின் 20 ஆண்டுகள் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த கெவின் எலிசன்? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

கேள்விப்பட்டிருந்தால்தான் ஆச்சரியம். இங்கிலாந்துக் கால்பந்தின் உச்சப் படியான பிரீமியர் லீகில் அவர் ஆடியது ஒரே ஒரு ஆட்டம். அதுவும் மாற்று ஆட்டக்காரராக இறங்கியது. மற்ற 600-க்கும் மேற்பட்ட லீக் ஆட்டங்கள் எல்லாம் அதற்குக் கீழே, பெரும்பாலும் தொலைக்காட்சி எட்டிப் பார்க்காத ஊர்களில். 1979 பிப்ரவரியில் லிவர்பூலில் பிறந்தவர். இடது விங்கர், அதாவது இடது ஓரத்தில் ஓடித் தாக்குகிறவர். மழித்த தலை, நல்ல உயரம், எதிரணி ரசிகர்கள் சீண்டினால் திருப்பிச் சீண்டாமல் விடாத குணம். 42 வயதில் பிளே-ஆஃப் (சீசன் முடிவில் மேல் லீகுக்கு ஏறும் கடைசி இடத்துக்கான போட்டி) அரையிறுதியில் கோல் அடித்தார்.

சாக்கா, சலா போன்ற நட்சத்திர விங்கர்களைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பிரீமியர் லீகுக்குக் கீழே 72 தொழில்முறைக் கிளப்புகள். கிளப்புக்கு நான்கு விங்கர் என்று வைத்தாலும் முந்நூறு பேரை நெருங்கும். அந்த முந்நூறு பேரின் பிழைப்பு எப்படி ஓடுகிறது என்று யாராவது கேட்டால், நான் கைகாட்டுவது எலிசனை. அவர் எல்லாரையும் போன்றவர் என்பதால் அல்ல. எல்லாருக்கும் நடப்பது அத்தனையும் அவர் ஒருவருக்கே நடந்துவிட்டது, அதனால்.

'கீழ் லீக்' என்றால் எதிலிருந்து எது வரை?

மேலே பிரீமியர் லீக், 20 கிளப். அதற்கடுத்து சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ, ஒவ்வொன்றிலும் 24. ஆக 92. ஐந்தாவது படி நேஷனல் லீக். அதற்கும் கீழே ஊர் ஊராகப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும். பொதுவாக லீக் ஒன்னையும் லீக் டூவையும்தான் கீழ் லீக் என்பார்கள். சாம்பியன்ஷிப்பைச் சேர்த்தால் அங்குள்ளவர்களுக்குக் கோபம் வரும்.

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. 2004 வரை லீக் டூவின் பெயர் மூன்றாம் டிவிஷன். அதுவே 1992-க்கு முன்பு நான்காம் டிவிஷன். பழைய ஆட்டக்காரர்களைப் பற்றிப் படிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் எல்லாரும் ஒரு படி மேலே ஆடியதாகத் தோன்றும்.

லீக் டூவிலிருந்து சீசனுக்கு இரண்டு கிளப் கீழே போகும். அந்த இரண்டு இடத்தைத் தவிர்ப்பதே சில கிளப்புகளுக்கு ஆண்டு முழுவதற்குமான லட்சியம்.

விங்கருக்கு அங்கே என்ன வேலை?

ஓரக்கோட்டை ஒட்டி ஓடி, எதிரே நிற்கும் ஃபுல் பேக்கை (ஓரத்தைக் காக்கும் தற்காப்பாளர்) தாண்டி, கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் பந்தைப் போட வேண்டும். இது பாடப்புத்தக விடை. கீழ் லீகில் இதில் பாதி வேலை பந்தே இல்லாமல் நடக்கும். தன் பக்கத்து ஃபுல் பேக்குக்குத் துணையாக ஓடி இறங்குவது, கோல்கீப்பர் ஓங்கி உதைக்கும் பந்துக்கு எகிறிக் குதிப்பது, ஜனவரிச் சேற்றில் மோதித் தெறித்து விழும் பந்தைப் பொறுக்குவது.

எதிரே நிற்கும் ஃபுல் பேக்கும் சாதுவாக இருக்க மாட்டார். முதல் பத்து நிமிடத்திலேயே ஒரு முறை காலை வாரிவிட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போவார். அதற்குப் பிறகும் அவரை நோக்கி ஓடத் துணிகிற விங்கர் தேறுவார். ஒதுங்கிப் போகிறவருக்கு அடுத்த மே மாதம் கடிதம் வரும். அந்தக் கடிதத்துக்குப் பின்னால் வருகிறேன்.

எலிசன் நளினமான விங்கர் அல்ல. பந்தைக் காலில் ஒட்டவைத்து நான்கு பேரை ஏமாற்றுகிற வகையைச் சேர்ந்தவர் இல்லை. வலப்பக்கத்திலிருந்து கிராஸ் (ஓரத்திலிருந்து பெட்டிக்குள் உதைக்கும் பந்து) வரும்போது தூரத்துக் கோல் கம்பத்துக்குச் சரியான நேரத்தில் போய்ச் சேருவார். தலையால் முட்டுவார், உடம்பைக் கொடுப்பார். கோல் அடிக்கிற விங்கர். இதுதான் பின்னாளில் அவரைக் காப்பாற்றியது.

தொடக்கம் எங்கே? பெரிய கிளப்பின் அகாடமியா (இளையோர் பயிற்சிப் பள்ளி)?

இல்லை. சவுத்போர்ட், சோர்லி என்று லங்காஷயர் வட்டாரக் கிளப்புகளில் சுற்றிவிட்டு ஆல்ட்ரிங்கத்துக்கு வந்தார். அப்போது ஆல்ட்ரிங்கம் ஆறாம் படியில் இருந்தது. அங்கிருந்து 2001 பிப்ரவரியில் நேராக பிரீமியர் லீக் கிளப்பான லெஸ்டர் சிட்டி அவரைத் தூக்கிக்கொண்டது. சுமார் 50,000 பவுண்ட் என்று சொன்னார்கள். ஐந்து படிகளை ஒரே தாவலில் தாண்டினார்.

அந்த சீசனின் தொடக்கத்தில் லெஸ்டர் பட்டியலின் உச்சியில்கூட இருந்தது. எலிசன் போய்ச் சேர்ந்த நேரத்தில் சரிவு தொடங்கிவிட்டது. மார்ச்சில் எஃப்.ஏ. கோப்பை காலிறுதியில் மூன்றாம் படியில் ஆடிய விக்கம்ப் வாண்டரர்ஸிடம் சொந்த மைதானத்திலேயே தோற்றார்கள். வெற்றிக் கோலை அடித்த ராய் எஸாண்டோ, ஸ்ட்ரைக்கர்கள் எல்லாரும் காயமாகிவிட்டார்கள், யாராவது இருக்கிறீர்களா என்று விக்கம்ப் விட்ட அறிவிப்பின் மூலம் வந்து சேர்ந்தவர். அந்த மாதமே ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு எதிராக எலிசனை இறக்கினார்கள். முந்தைய மாதம் வரை ஆறாம் படி, இப்போது யுனைடெட். லெஸ்டர் தோற்றது. எலிசன் அதன் பிறகு லெஸ்டருக்கு ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை.

அவரை லெஸ்டருக்குக் கொண்டுவந்தது யார்?

பீட்டர் டெய்லர். அவரைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் நகர முடியாது, ஏனென்றால் அவரே ஒரு விங்கர், அதுவும் கீழ் லீக் விங்கர். 1976-இல் கிரிஸ்டல் பேலஸ் மூன்றாம் டிவிஷனில் இருந்தபோதே இங்கிலாந்து தேசிய அணிக்கு ஆடியவர். வேல்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே கோலும் அடித்தார். இன்று லீக் ஒன்னில் ஆடும் ஒரு விங்கரை இங்கிலாந்துக்கு எடுத்தால் தேர்வாளரைப் பேட்டி கண்டே கொன்றுவிடுவார்கள். 2000-இல் தற்காலிகமாக ஒரே ஆட்டத்துக்கு இங்கிலாந்தின் மேலாளராக இருந்தபோது, டேவிட் பெக்கமை முதன்முதலாகக் கேப்டன் ஆக்கியவரும் இதே டெய்லர்தான்.

ஆறாம் படியில் ஓடிக்கொண்டிருந்த ஒரு விங்கரைக் கண்டு, இவன் தேறுவான் என்று நினைக்க அப்படிப்பட்ட ஒருவர்தான் வேண்டியிருந்ததோ என்னவோ. ஆனால் டெய்லரின் வேலையே 2001 செப்டம்பர் இறுதியில் போய்விட்டது. நவம்பரில் எலிசனும் ஸ்டாக்போர்ட் கவுன்டிக்கு விற்கப்பட்டார். கொண்டுவந்த மேலாளர் போனால் ஆட்டக்காரரும் மூட்டை கட்டுவது இந்தத் தொழிலில் சாதாரணம். விங்கருக்கு இது இன்னும் சீக்கிரம் நடக்கும். புதிய மேலாளர் முதலில் மாற்றுவது அணி நிற்கும் விதத்தை. மூன்று சென்டர் பேக் (நடுத் தற்காப்பாளர்), ஓரம் முழுவதையும் பார்த்துக்கொள்ள இரண்டு விங் பேக் என்று அவர் முடிவு செய்துவிட்டால் அணியில் விங்கர் என்ற இடமே இருக்காது.

ஸ்டாக்போர்ட்டில் எப்படி?

அந்த சீசனில் ஸ்டாக்போர்ட் 46 ஆட்டங்களில் 6 தான் வென்றது. கடைசி இடம், கீழிறக்கம். வேறென்ன சொல்ல.

ஒரே ஆள் ஏன் இத்தனை கிளப் மாறினார்?

பட்டியலைப் பார்த்தால் பேருந்து வழித்தடம் போல இருக்கும். ஸ்டாக்போர்ட், லோனில் (தற்காலிக இரவலாக) லிங்கன், செஸ்டர், ஹல், டிரான்மியர், மறுபடி செஸ்டர், ராதர்ஹாம், லோனில் பிராட்ஃபோர்ட், மோர்கம்ப், நியூபோர்ட். ஆளுக்கு நிலைபுத்தி இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். கீழ் லீக் ஒப்பந்தம் என்பது பெரும்பாலும் ஓராண்டு, மிஞ்சினால் இரண்டாண்டு. எல்லா ஒப்பந்தமும் ஜூன் 30-இல் முடியும். சீசன் முடிந்த கையோடு மே மாதத்தில் ஒவ்வொரு கிளப்பும் ஒரு பட்டியல் வெளியிடும்: யாரை வைத்துக்கொள்கிறோம், யாருக்குப் புதிய ஒப்பந்தம் தருகிறோம், யாரை விடுவிக்கிறோம். நான் மேலே சொன்ன கடிதம் இதுதான்.

நம் ஊரில் ஒப்பந்த ஆசிரியர்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. ஜூன் மாதம் வந்தால் வயிற்றைக் கலக்கும். குழந்தைகளின் பள்ளி, வாடகை வீடு, மனைவியின் வேலை எல்லாம் ஒரு மேலாளரின் தொலைபேசி அழைப்புக்காகக் காத்திருக்கும். ஜூலையில் பயிற்சி தொடங்கும்போது கிளப் இல்லாதவர்கள் 'டிரயல்' என்று போய் நிற்பார்கள். 30 வயதில், 300 ஆட்டம் ஆடிய பிறகும் போய் நிற்பார்கள்.

ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரருக்கு 24 வயது ஆகிவிட்டால் பணம் எதுவும் கொடுக்காமல் எந்தக் கிளப்பும் எடுத்துக்கொள்ளலாம். அதற்குக் குறைவான வயது என்றால், பழைய கிளப் புதிய ஒப்பந்தம் தர முன்வந்திருக்கும் பட்சத்தில், அதற்கு இழப்பீடு தர வேண்டும். அதனால் இளைஞர்களை விலை பேசுவார்கள். முப்பதைத் தாண்டியவர்களிடம் சம்பளத்தை மட்டும் பேரம் பேசுவார்கள்.

எலிசனின் பட்டியலில் இன்னொன்றும் கவனித்தேன். இரண்டு இடங்களில் பழைய மேலாளரின் நிழல் தெரிகிறது. 2004-இல் செஸ்டரில் நன்றாக ஆடினார். அங்கே அவருக்கு மேலாளர் இயன் ரஷ், லிவர்பூலின் பழைய கோல் இயந்திரம். அடுத்த ஜனவரியிலேயே ஹல் சிட்டி அவரை வாங்கியது. ஹல்லின் மேலாளர் யார்? அதே பீட்டர் டெய்லர். அந்த சீசனில் ஹல் லீக் ஒன்னில் இரண்டாம் இடம் பிடித்து சாம்பியன்ஷிப்புக்கு ஏறியது. பிறகு டிரான்மியரில் அவரை ஆடவைத்த ரோனி மூர், சில ஆண்டு கழித்து ராதர்ஹாமிலும் அவருக்கு மேலாளராக வந்து சேர்ந்தார். கீழ் லீகில் வேலை கிடைப்பது ஓரளவு இப்படித்தான். திறமையை உலகமே பார்க்கத் தேவையில்லை. உங்களை நம்புகிற இரண்டு மேலாளர்கள் எங்காவது வேலையில் இருந்தால் போதும்.

லோன் என்பது தண்டனையா, வாய்ப்பா?

வயதைப் பொறுத்தது. இருபது வயதில் வாய்ப்பு. ஆண்ட்ரோஸ் டவுன்செண்ட் என்ற விங்கரை டாட்டன்ஹாம் மொத்தம் ஒன்பது கிளப்புகளுக்கு லோனில் அனுப்பியது. முதலாவது லீக் ஒன்னில் இருந்த யோவில் டவுன். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடினார். பின்னாளில் இங்கிலாந்துக்கு ஆடிய இன்னொரு விங்கர் ஜாக் கிரீலிஷ் 2013-14 சீசனை லீக் ஒன்னில் நாட்ஸ் கவுன்டியில் ஆடிக் கழித்தார். அங்கே வாங்கிய உதைகள்தான் பள்ளிக்கூடம்.

முப்பதைத் தாண்டி லோனில் போகிறீர்கள் என்றால் அதற்கு வேறு பொருள். உங்கள் சம்பளத்தை வேறு யாராவது கொடுத்தால் நல்லது என்று கிளப் நினைக்கிறது.

சம்பளம் எவ்வளவு வரும்?

ஆளுக்கு ஆள் மாறும், வெளியே சொல்லவும் மாட்டார்கள். ஆனால் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வழி இருக்கிறது. 2020-இல் லீக் கிளப்புகள் சேர்ந்து சம்பள உச்சவரம்பு கொண்டுவந்தன: லீக் ஒன் கிளப்புக்கு ஆண்டுக்கு 25 லட்சம் பவுண்ட், லீக் டூ கிளப்புக்கு 15 லட்சம். லீக் டூ வரம்பை 22 பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு ஆண்டுக்கு 68,000 பவுண்ட், வாரத்துக்கு 1,300 சொச்சம். இது வரம்பு முழுவதையும் செலவழித்தால்தான். ஏழைக் கிளப்புகள் அதைத் தொடவே மாட்டா.

நல்ல சம்பளம்தானே என்று தோன்றும். ஒரு தொழிலாளியின் வருமானத்தோடு ஒப்பிட்டால் நல்ல சம்பளம்தான். ஆனால் இது 35 வயதில் நின்றுவிடும், நடுவில் எந்த ஜூனிலும் நிற்கலாம், வரி போகும். பிரீமியர் லீக் நட்சத்திரம் ஒருவர் ஒரே வாரத்தில் வாங்குவதை இங்கே ஒருவர் சில ஆண்டுகள் ஓடிச் சேர்ப்பார்.

ஆட்டக்காரர் சங்கம் அந்த உச்சவரம்பை எதிர்த்து வழக்காடியது. தகராறு தீர்க்கும் குழு சங்கத்தின் பக்கம் தீர்ப்புச் சொல்ல, 2021 பிப்ரவரியில் அது கைவிடப்பட்டது. 1907-இல் தொடங்கிய சங்கம் அது. 1961 வரை இங்கிலாந்தில் எந்த ஆட்டக்காரருக்கும் வாரம் 20 பவுண்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்று விதி இருந்தது. அதை உடைத்ததும் இதே சங்கம்தான். அந்தக் காலத்தில் பிரெஸ்டனின் டாம் ஃபின்னி, இங்கிலாந்தின் தலைசிறந்த விங்கர்களில் ஒருவர், பக்கத்தில் பிளம்பர் வேலையும் பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் அவருக்குப் பெயரே 'பிரெஸ்டன் பிளம்பர்'.

கிளப்பே நொடித்துப் போனால்?

போகும். எலிசன் இரண்டு முறை ஆடிய செஸ்டர் சிட்டி 2009-இல் லீகிலிருந்து கீழிறங்கியது, 2010 மார்ச்சில் நீதிமன்றத்தில் கலைக்கப்பட்டது. ரசிகர்கள் சேர்ந்து புதிய கிளப் தொடங்கினார்கள். எலிசன் அதற்கு முந்தைய கோடையிலேயே ராதர்ஹாமுக்குப் போய்விட்டிருந்தார். அந்த ராதர்ஹாமும் தன் மைதானத்தை விட்டு வெளியேறி, பக்கத்து ஊரான ஷெஃபீல்டில் ஒரு தடகள அரங்கில் வாடகைக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஓடுபாதைக்கு அப்பால் ரசிகர்கள். விங்கருக்குத் தன் காதருகே கூட்டம் கத்துவதுதான் பாதி பலம். அங்கே அதுவும் கிடையாது. இருந்தும் 2010-இல் அந்த அணி லண்டனின் தேசிய மைதானமான வெம்ப்லி வரை போய், லீக் டூ பிளே-ஆஃப் இறுதியில் டாகன்ஹாமிடம் 3-2 என்று தோற்றது.

மோர்கம்பிலும் 2016-17 சீசனில் சம்பளம் தாமதமாகி, சங்கம் தலையிட வேண்டியிருந்தது. சம்பளம் வராத மாதத்திலும் சனிக்கிழமை வந்தால் ஆடியாக வேண்டும்.

மோர்கம்ப் எப்படிப்பட்ட இடம்?

லங்காஷயர் கடற்கரையில் சிறிய ஊர். ஒரு காலத்தில் ஆலைத் தொழிலாளர்கள் கோடை விடுமுறைக்குக் குவிந்த இடம், இப்போது காற்று மட்டும் தவறாமல் வருகிறது. கிளப்பின் செல்லப்பெயர் 'இறால்கள்', வளைகுடாவில் பிடிபடும் இறாலை வைத்து. மைதானத்தில் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான் கொள்ளும். அதுவும் நிறைவது அபூர்வம். 2007-இல்தான் லீகுக்குள் நுழைந்தார்கள். ஆண்டுதோறும் ஆகஸ்டில் பத்திரிகைகள் கீழிறங்கப் போகிற இரண்டு கிளப்புகளைக் கணிக்கும்போது மோர்கம்ப் பெயர் தப்பாமல் இருக்கும்.

2011 கோடையில் எலிசன் அங்கே போனபோது 32 வயது. அதே கோடையில் ஜிம் பெண்ட்லி என்ற பழைய சென்டர் பேக் மேலாளரானார். எலிசன் ஒரு ஒன்பது ஆண்டு இருப்பார், கிளப்பின் லீக் வரலாற்றில் மிக அதிகக் கோல் அடித்தவர்களின் வரிசையில் சேருவார் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள். விங்கர் 32 வயதில் கடையைக் கட்டுகிற பருவம் அல்லவா.

2018 மே 5-ஐ மட்டும் சொல்லிவிடுகிறேன். சீசனின் கடைசி நாள். மோர்கம்பும் பார்னெட்டும் கீழிறக்கத்தின் விளிம்பில். பார்னெட் தன் ஆட்டத்தை 3-0 என்று வென்றுவிட்டது. மோர்கம்ப் கோவென்ட்ரியில் தோற்றிருந்தால் கதை முடிந்தது. 0-0. இரண்டு கிளப்புக்கும் 46 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் மோர்கம்ப் தப்பியது, பார்னெட் போனது. கோப்பை இல்லை, பதக்கம் இல்லை, அடுத்த ஆண்டும் வேலை இருக்கிறது என்பது மட்டும்தான். கீழ் லீகில் ஒரு 0-0 ஆட்டத்துக்கு வளர்ந்த ஆண்கள் அழுவதன் காரணம் அதுதான்.

பயணம் எல்லாம் எப்படி?

பேருந்தில். பிளிமத்துடன் ஒரே லீகில் இருந்த ஆண்டுகளில் மோர்கம்பிலிருந்து அங்கே போக ஏறக்குறைய 500 கிலோமீட்டர். செவ்வாய் இரவு ஆட்டம் என்றால் பத்து மணிக்கு முடிந்து, குளித்து, பேருந்து ஏறி, விடியும் நேரத்தில் வீடு. 36 வயதுத் தொடைத்தசைக்கு அந்த இருக்கை எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். சீசனுக்கு லீக் ஆட்டமே 46. கோப்பை ஆட்டங்கள் தனி.

விங்கருக்கு வேகம் போனால் என்ன மிஞ்சும்?

இந்தப் பக்கத்திலேயே எனக்குப் பிடித்த கேள்வி இது. கோல்கீப்பருக்கு வயதாக வயதாக மதிப்பு. சென்டர் பேக் அரையடி முன்னதாக நின்று சமாளிப்பார். விங்கரின் முதலீடு காலில் இருக்கிறது. 30-க்கு மேல் ஆண்டுக்கு ஆண்டு அது கரையும். பின்தொடைத்தசை ஒரு முறை கிழிந்தவருக்கு மறுபடி கிழியும், அதற்குப் பயந்தே முழு வேகத்தில் ஓட மனம் வராது.

அதற்குப் பிறகு இரண்டு மூன்று வழிகள்தான். சிலர் பின்னால் இறங்குவார்கள். மாட்டி பிளேர் என்றொரு வலது விங்கர். 2012 மே மாதத்தில் யார்க் சிட்டிக்காக எட்டே நாள் இடைவெளியில் இரண்டு முறை வெம்ப்லியில் கோல் அடித்தார்: முதலில் லீகுக்கு வெளியே உள்ள கிளப்புகளுக்கான எஃப்.ஏ. டிராஃபி இறுதியில் நியூபோர்ட்டுக்கு எதிராக, பிறகு பிளே-ஆஃப் இறுதியில் லூட்டனுக்கு எதிராக. இரண்டாவது கோல் யார்க்கை மறுபடி லீகுக்குள் கொண்டுவந்தது. அந்த உச்சத்திலேயே பெரிய இடம் போவார் என்று நினைத்தேன், போகவில்லை. டொன்காஸ்டரில் அவரை வலது பின்வரிசைக்கு இறக்கினார்கள். முணுமுணுக்காமல் கற்றுக்கொண்டார், இன்னும் பல ஆண்டு சம்பளம் வாங்கினார், 2021-இல் செல்டனமுடன் லீக் டூ பட்டமும் வென்றார்.

சிலர் உள்ளே நகர்ந்து ஸ்ட்ரைக்கருக்குப் பக்கத்தில் நிற்பார்கள். எலிசன் செய்தது ஏறக்குறைய இது. ஓரத்தில் யாரையும் ஓடித் தாண்ட வேண்டிய கட்டாயமில்லை. கிராஸ் வரும்போது எங்கே நிற்க வேண்டும் என்று தெரிந்தால் போதும். அது 20 ஆண்டு ஆடியவருக்குத்தான் தெரியும்.

மூன்றாவது வழி ஸ்டான்லி மேத்யூஸ் மாதிரி இருப்பது. அது எல்லாருக்கும் வாய்க்காது. 1956-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான முதல் பாலன் டோர் விருது வாங்கிய அந்த வலது விங்கர், 46 வயதில் இரண்டாம் டிவிஷனில் தத்தளித்த சொந்த ஊர் ஸ்டோக்குக்குத் திரும்பினார். அதற்கு முந்தைய சொந்த மைதான ஆட்டத்துக்கு 8,409 பேர் வந்திருந்தார்கள். அவர் இறங்கிய நாளில் 35,974. 1963-இல் ஸ்டோக் அன்றைய உச்சப் படியான முதல் டிவிஷனுக்கு ஏறியது. கடைசி லீக் ஆட்டத்தை ஆடியபோது 50 வயது தாண்டி ஐந்து நாள்.

2020-இல் என்ன நடந்தது?

2019 இறுதியில் பெண்ட்லி போய், டெரெக் ஆடம்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மோர்கம்ப் மேலாளரானார். மார்ச்சில் கொரோனா வந்து ஆட்டங்கள் நின்றன. ஜூனில் லீக் டூவை அப்படியே முடித்து, இதுவரை எடுத்த புள்ளிகளின் சராசரியை வைத்து இடங்களை முடிவு செய்தார்கள். நுழைவுச்சீட்டு வருமானம் இல்லாமல் எல்லாக் கிளப்பும் ஆட்களைக் கழித்துவிட்ட கோடை அது. எலிசனும் விடுவிக்கப்பட்டார். 41 வயது, ஒன்பது ஆண்டு ஆடிய கிளப், விடைகொடுக்கக் காலி மைதானம்கூட இல்லை.

அந்தக் காலகட்டத்தில்தான் தன் மனச்சோர்வைப் பற்றி அவர் வெளிப்படையாகப் பேசியிருந்தார். எதிரணி ரசிகர்களைப் பார்த்துச் சிரித்துச் சீண்டுகிற ஆள் என்றே அவரை அறிந்தவர்களுக்கு அது அதிர்ச்சி.

சரி, இத்தோடு ஓய்வு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். வேல்ஸின் நியூபோர்ட் கவுன்டி அவரை எடுத்துக்கொண்டது. அந்த சீசனிலேயே மோர்கம்புக்கு எதிராக ஆடி கோல் அடித்தார். அடித்தவர் நேராக ஓடியது ஆடம்ஸ் நின்ற இடத்துக்கு. அவர் முகத்துக்கு நேரே நின்று கொண்டாடினார். நடத்தையில் குறை சொல்பவர்கள் சொல்லட்டும்; நான் அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை.

பிளே-ஆஃப் அரையிறுதியில் நியூபோர்ட் முதல் ஆட்டத்தை ஃபாரஸ்ட் கிரீனுக்கு எதிராக 2-0 என்று வென்றிருந்தது. இரண்டாவது ஆட்டத்தில் அந்த முன்னிலை கரைந்துவிட, எலிசனும் ஒரு கோல் அடித்து அணியை உயிரோடு வைத்தார். கூடுதல் நேரத்தின் கடைசி நிமிடங்களில் நிக்கி மேனார்ட் அடித்த கோலால் இரண்டு ஆட்டமும் சேர்த்து நியூபோர்ட்டுக்கு 5-4 வெற்றி. 2021 மே 31, வெம்ப்லியில் இறுதி. எதிரே யார்? மோர்கம்ப். ஆடம்ஸின் மோர்கம்ப். இப்படி ஒரு கதையை யாராவது எழுதியிருந்தால் மிகை என்று திருப்பி அனுப்பியிருப்பேன்.

கூடுதல் நேரத்தில் ஸ்டாக்டன் என்பவர் அடித்த பெனால்டியில் மோர்கம்ப் 1-0 என்று வென்று, வரலாற்றில் முதன்முறையாக லீக் ஒன்னுக்கு ஏறியது. எலிசன் ஒன்பது ஆண்டு ஓடியும் கிடைக்காதது, அவர் எதிர்ப்பக்கம் நின்ற நாளில் கிடைத்தது. ஆடம்ஸ் சில நாளிலேயே பிராட்ஃபோர்டுக்கு வேலை மாறிப் போனார்.

கீழே இருந்து மேலே போன விங்கர்களே இல்லையா?

இருக்கிறார்கள், அவர்களைத்தான் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். மிக்கேல் அன்டோனியோ தெற்கு லண்டனின் டூட்டிங் அண்ட் மிட்சமில் தொடங்கி, ரெடிங், ஷெஃபீல்ட் வென்ஸ்டே, நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் வழியாக 2015-இல் வெஸ்ட் ஹாமுக்குப் போனார். அங்கே விங்கராகப் போனவர் ஸ்ட்ரைக்கராக மாறினார். ஜாரட் போவன் ஐந்தாம் படியில் ஹெரஃபோர்ட் யுனைடெட்டுக்கு ஆடியவர். 2014 கோடையில் ஹல் அவரை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹெரஃபோர்ட் கிளப்பே கலைக்கப்பட்டது. 2023 ஜூன் 7, பிராக் நகரில் ஐரோப்பியக் கோப்பைகளில் ஒன்றான கான்ஃபரன்ஸ் லீக் இறுதியில் ஃபியோரென்டினாவுக்கு எதிராக 90-வது நிமிடத்தில் வெஸ்ட் ஹாமின் வெற்றிக் கோலை அடித்தவர் அவர்தான்.

இவர்கள் கதை நல்ல கதை. ஆனால் முந்நூறில் இரண்டு.

தமிழர் யாராவது இந்த லீகுகளில் உண்டா?

உண்டு. விங்கர் அல்ல, நடுக்கள ஆட்டக்காரர். விமல் யோகநாதன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன், வட வேல்ஸில் வளர்ந்தவர். 2024 ஆகஸ்டில் லீக் ஒன் கிளப்பான பார்ன்ஸ்லிக்காக விகனுக்கு எதிரான லீக் கோப்பை ஆட்டத்தில் அறிமுகமானார். இங்கிலாந்துத் தொழில்முறைக் கால்பந்தில் ஆடிய முதல் தமிழர் என்று அப்போது செய்திகள் வந்தன.

மோர்கம்ப் பிறகு என்ன ஆனது?

2023-இல் லீக் ஒன்னிலிருந்து இறங்கினார்கள், 2025-இல் லீக் டூவிலிருந்தும். 18 ஆண்டுக்குப் பிறகு லீகுக்கு வெளியே. அந்தக் கோடையில் பணமில்லாமல் சம்பளம் நின்று, நேஷனல் லீக் அவர்களை இடைநீக்கம் செய்து, கிளப் மூடப்படும் நிலைக்கு வந்தது. ஆகஸ்டில் பஞ்சாப் வாரியர்ஸ் என்ற குழு வாங்கியது. அவர்கள் மேலாளராக நியமித்தது அஷ்வீர் சிங் ஜோஹல் என்ற 30 வயது இளைஞரை. பிரிட்டனில் ஒரு தொழில்முறைக் கிளப்பின் மேலாளரான முதல் சீக்கியர். பயிற்சியாளராக அவர் வளர்ந்தது லெஸ்டர் சிட்டி அகாடமியில். அணியில் ஆளே இல்லை. சில நாளுக்குள் கையில் கிடைத்தவர்களை ஒப்பந்தம் செய்து களம் இறக்கினார்கள். ஆகஸ்ட் 23-இல் சொந்த மைதானத்தில் முதல் ஆட்டம், 2-1 என்று வென்றார்கள். எதிரே ஆடியது ஆல்ட்ரிங்கம்.